கணக்கில் தடுமாறிய மகளுக்கு ஓர் ஆசிரியரைத் தேடி



பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எந்த மருத்துவரிடம் போவது என்று பரமக்குடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஓதுவதற்கு எந்த மத்ரஸாவில் சேர்ப்பது என்று கேட்டாலும் சொல்வார்கள். கணக்கு வராத பிள்ளையை யாரிடம் கொண்டுபோவது என்று கேட்டால்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அதுவும் பெண் பிள்ளை என்று தெரிந்ததும் பாதிப் பேர் கேள்வியையே மாற்றிவிடுகிறார்கள். "பத்தாவது வரைக்கும் தள்ளிவிட்டால் போதாதா?" என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த ஆலோசனைகளில் அதிகம் திரும்ப வந்தது. சொன்னவர்கள் எல்லோரும் எங்கள்மீது அன்புள்ளவர்களே. ஆனால் தள்ளிவிடுவது என்ற சொல் எங்கள் இருவருக்கும் உறுத்தியது. பிள்ளையைத் தள்ளிவிடுவதற்கும் வளர்ப்பதற்கும் இடையில் உள்ள தூரம் சிறிதன்று.

எங்கள் மகள் 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஏழாம் வகுப்புக்குப் போனாள். தமிழில் நன்றாகப் படிப்பாள். குர்ஆனைத் தஜ்வீதோடு ஓதுவாள். யாஸீன் சூரா மனனம். கணக்குத் தேர்வு இருக்கும் நாள்களில் மட்டும் அவளுக்கு வயிறு வலிக்கும். முதலில் கஷாயம் கொடுத்தோம். இரண்டாம் மாதத்தில், வலி தேர்வு அட்டவணையைப் பார்த்தே வருகிறது என்பது புரிந்தது. ஒருநாள் அவளுடைய நன்னியிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டோம்: "அல்லாஹ் எனக்கு ஓதுறதுக்கு மூளை கொடுத்தான் நன்னி, கணக்குக்குக் கொடுக்கல." பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை தன்னைப் பற்றி இப்படித் தீர்ப்பு எழுதிவிட்டு, அதில் அல்லாஹ்வின் பெயரையும் சேர்த்துவிட்டால், அதை மதிப்பெண் பிரச்சினை என்று மட்டும் எண்ணிக்கொண்டிருக்க முடியாது.

யாரிடம் அனுப்புவது என்பதற்கு முன்னால் எங்கே தடுக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவளுடைய பள்ளிக் கணக்கு ஆசிரியையைப் பார்த்து, மாலையில் தனியாகச் சொல்லித் தர இயலுமா என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே மறுத்தார். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் பணிபுரியும் ஆசிரியர் தனி வகுப்பு எடுப்பதைத் தடை செய்கிறது. அதன் 28ஆம் பிரிவே இதற்கென்று உள்ளது. ஆனால் பயனுள்ள ஒரு வார்த்தையை அவர் சொன்னார். "ஏழாம் வகுப்புக் கணக்கில் அவளுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. அந்தக் கணக்குக்குள் வரும் மூன்றாம் வகுப்புக் கணக்கில்தான் விழுகிறாள்."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணினோம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது அவள் இரண்டாம் வகுப்பு. தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அப்போது அவள் நான்காம் வகுப்பு. மூன்றாம் வகுப்பு என்ற ஒன்று அவள் வாழ்க்கையில் நடக்கவே இல்லை. வாய்ப்பாடும் வகுத்தலும் ஊன்றும் ஆண்டு அது. ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட வீடுகளில் அந்த ஆண்டு எப்படிப் போயிற்று என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தமிழில் விட்டுப்போன பாடத்தைக் கதைப்புத்தகம் படித்தாவது பிள்ளை ஈடுசெய்துகொள்ளும். கணக்கு அப்படிப்பட்டதன்று. வகுத்தல் தெரியாதவளுக்குப் பின்னம் வராது. பின்னம் வராதவளுக்கு விகிதம் வராது. விகிதம் வராதவளுக்குச் சதவீதமும் வட்டமும் இயற்கணிதமும் வெறும் எழுத்துகளாகவே நிற்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்தோம். 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் 'அசர்' என்ற பெயரில் நாடு முழுவதும் கிராமப்புறப் பிள்ளைகளிடம் நடத்தும் ஆய்வின் முறைதான் அது. அதில் பெரிய வினாத்தாள் எதுவும் இல்லை. ஓரிலக்க எண்களையும் ஈரிலக்க எண்களையும் வாசிக்கச் சொல்வார்கள். கடன் வாங்கிக் கழிக்கும் ஈரிலக்கக் கணக்கு ஒன்று. மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் கணக்கு ஒன்று. அவ்வளவுதான். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எங்கள் மகள் கழித்தலைச் செய்துவிட்டாள். 824ஐ 4ஆல் வகுக்கச் சொன்னோம். 26 என்று எழுதினாள். எழுதிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தாள், தாளைப் பார்க்கவில்லை. விடை சரியா என்பதைத் தாளிலேயே சரிபார்க்கலாம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. பெரியவர்களின் முகத்தில்தான் சரியும் தவறும் இருக்கின்றன என்று நினைத்திருந்தாள்.

தேடல் தொடங்கியது. முதலில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒரு டியூஷன் மையம். ஒரே கூடத்தில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை நாற்பது பிள்ளைகள்; ஓர் ஆசிரியர். அவர் கையில் ஒரு பிரம்பும் இருந்தது. பிள்ளைகள் அங்கே செய்தது வீட்டுப்பாடத்தை ஒருவர் நோட்டைப் பார்த்து மற்றவர் எழுதுவது. மூன்று வாரத்தில் எங்கள் மகளின் நோட்டில் தவறே இல்லை. வயிற்றுவலி மட்டும் கூடியிருந்தது. அந்த மையத்தின் நேரம் மாலை 6 முதல் 8 வரை, அதாவது மஃரிப் தொழுகையை விழுங்கிக்கொண்டு. மத்ரஸாவையும் நிறுத்த வேண்டும் என்றார்கள். "ஒரு வருஷம் ஓதாவிட்டால் என்ன, பிறகு ஓதிக்கொள்ளலாம்" என்று அங்கே வந்திருந்த நம் சகோதரர் ஒருவரே சொன்னார். அவரைக் குறை சொல்லவில்லை. இந்த இழுபறியில் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. இம்மைக் கல்வி, மறுமைக் கல்வி என்று இரண்டு தராசுத் தட்டுகளை வைத்துவிட்டுப் பிள்ளையை நடுமுள்ளாக நிற்கவைப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஒரு மாதத்தோடு நிறுத்திவிட்டோம்.

அடுத்து வந்தது கைப்பேசிச் செயலி. மிக நேர்த்தியாக உடுத்திய இளைஞர் ஒருவர் வீட்டுக்கே வந்து, மடிக்கணினியில் படம் காட்டி, பிள்ளைக்கு ஒரு சோதனையும் வைத்தார். சோதனையின் முடிவில் அவள் மிகவும் பின்தங்கியிருப்பதாகச் சிவப்பு எழுத்தில் வந்தது. பிள்ளையின் முன்னாலேயே அதைப் படித்தார். இரண்டாண்டுச் சந்தாவை மாதத் தவணையில் கட்டலாம், நிதி நிறுவனம் ஒன்று கொடுத்துவிடும் என்றார். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தபோது அது வட்டிக் கடன். எங்கள் பெயரில் எழுதப்படுவது. படிப்புக்காகத்தானே என்ற சமாதானம் சொல்லப்பட்டது. நோக்கம் நல்லதாக இருப்பதால் வட்டி ஹலாலாகிவிடாது என்று சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பினோம். இத்தனைக்கும் தமிழக அரசின் பாடநூல்களிலேயே காணொளிகளுக்கான விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. 2023இல் வந்த 'மணற்கேணி' செயலியும் இலவசம். அவற்றை இன்றும் பயன்படுத்துகிறோம். ஆனால் எந்தக் காணொளியும் பிள்ளை 26 என்று எழுதியதும் நின்று, ஏனம்மா என்று கேட்பதில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் போக அனுமதியுங்கள். பிள்ளைகளுக்கு டியூஷன் ஆசிரியர் தேடிய முதல் முஸ்லிம் பெற்றோர் யார் என்று கேட்டால் மதீனாவாசிகளைத்தான் சொல்ல வேண்டும். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்காவாசிகளில் மீட்புத் தொகை கொடுக்க வசதியற்றவர்கள் சிலர் இருந்தனர். எழுதப் படிக்கத் தெரிந்த அவர்களிடம், அன்சாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையே மீட்புத் தொகையாக நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். முஸ்னத் அஹ்மதில் உள்ள இந்த அறிவிப்பு பயான்களில் அடிக்கடி சொல்லப்படுவதுதான். ஆனால் அதன் பிற்பகுதியை அதிகம் கேட்டதில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருவன் ஒருநாள் அழுதுகொண்டே வீட்டுக்கு வருகிறான். ஆசிரியர் அடித்துவிட்டாராம். பத்ரின் பழியைப் பிள்ளையிடம் தீர்க்கிறானா என்று தந்தை கொதித்து, இனி அவனிடம் போகாதே என்று நிறுத்திவிடுகிறார். இதைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, ஆறுதலும் வந்தது. ஆசிரியர் மாற்று மதத்தவர், நேற்றுவரை எதிரணியில் வாள் ஏந்தியவர், அது தடையாகவில்லை. பிள்ளையை அடித்தார் என்பதே தடையாயிற்று.

எங்களுக்கு ஆசிரியர் கிடைத்ததும் எங்கள் வட்டத்துக்கு வெளியேதான். வைகையின் தென்கரையில் பரமக்குடி. பாலத்தைத் தாண்டினால் எமனேசுவரம். அங்கே சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. துணி எடுக்கப் போன இடத்தில் பேச்சுவாக்கில் எங்கள் கவலையைச் சொன்னோம். அந்த வீட்டுப் பெண் கணிதத்தில் பட்டம் பெற்றவர். 'இல்லம் தேடிக் கல்வி'த் தன்னார்வலராக இருந்து தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொன்னவர். பெருந்தொற்றில் விட்டுப்போன பாடங்களை ஈடுசெய்வதற்காக 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய திட்டம் அது. தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. "அழைத்துக்கொண்டு வாருங்கள், பார்ப்போம்" என்றார். ஆனால் மாலையில் அவருக்கு வீட்டு வேலை. எங்கள் மகளுக்கு மத்ரஸா. காலை 6 மணிக்கு வர முடியுமா என்று அவரே கேட்டார்.

இந்த மாவட்டத்தில் விடியற்காலைக் கணக்கு என்றால் யாருக்கும் ஒரே பெயர்தான் நினைவுக்கு வரும். இராமேசுவரத்தில் சிறுவனாக இருந்தபோது அதிகாலை 4 மணிக்கு எழுந்து, குளித்துவிட்டுக் கணக்குப் படிக்கப் போனதை டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் பலமுறை சொல்லியிருக்கிறார். சுவாமியார் என்று அவர் குறிப்பிடும் அந்த ஆசிரியர் ஆண்டுக்கு ஐந்து மாணவர்களுக்கு மட்டும் இலவசமாகச் சொல்லித் தருவார். குளிக்காமல் வந்தால் ஏற்கமாட்டார். மகனை எழுப்பிக் குளிப்பாட்டி அனுப்புவதற்காகத் தாயார் ஆஷியம்மா அதற்கும் முன்னரே எழுந்துவிடுவார். ஐந்தரைக்கு வீடு திரும்பினால் தந்தை ஜைனுலாப்தீன் தொழுகைக்கும், பின்னர் குர்ஆன் ஓதுவதற்கும் அழைத்துப் போகக் காத்திருப்பார். அதன் பிறகுதான் செய்தித்தாள் போடும் வேலை. கலாம் அவர்களின் ஏவுகணைகளைப் பற்றி நம் பிள்ளைகள் பேச்சுப் போட்டிகளில் பேசுகின்றனர். எங்களுக்கு அந்த ஐந்தரை மணிதான் பெரிதாகத் தெரிகிறது. கணக்கும் ஓதலும் ஒரே விடியலில், ஒன்று மற்றொன்றின் நேரத்தைத் திருடாமல் நடந்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு. இராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இராமகிருஷ்ண ஐயர் தம்மைப் பிரம்பால் அடித்ததையும், பின்னர் கணக்கில் முழு மதிப்பெண் பெற்றபோது அதையே அவர் பெருமையாகச் சொன்னதையும் கலாம் எழுதியிருக்கிறார். அடித்தால்தான் கணக்கு வரும் என்பதற்குச் சான்றாக அதைச் சிலர் எடுத்துக்காட்டுகின்றனர். கலாமுக்குக் கணக்கு ஏற்கெனவே வந்திருந்தது. சுவாமியாரின் விடியற்காலைகளில் வந்தது அது.

ஆக, ஃபஜ்ர் தொழுதுவிட்டு அவளும் அம்மாவும் பாலத்தைக் கடப்பார்கள். வைகையில் பெரும்பாலும் மணலும் கருவேலமும்தான். தண்ணீர் வந்த நாளில் இருவரும் நின்று பார்த்துவிட்டுத் தாமதமாகப் போனார்கள். அத்தா கடையைத் திறக்கப் போய்விடுவார். பாடம் தறிக்குப் பக்கத்துத் திண்ணையில். முதல் இரண்டு வாரம் அந்தப் பெண் ஏழாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. எங்களுக்கு உள்ளூரப் பதற்றம். காலாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

அவர் செய்ததை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம், வேறு வீடுகளுக்கும் உதவக்கூடும். 824ஐ 4ஆல் வகுத்து 26 என்று எழுதியவளிடம் தவறு என்று அவர் சொல்லவில்லை. "உன்னிடம் 800 ரூபாய் மட்டும் இருந்து நான்கு பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு எவ்வளவு?" என்றார். 200 என்றாள். "இன்னும் 24 ரூபாய் சேர்த்துக் கொடுத்தால் 26 ஆகக் குறைந்துவிடுமா?" அவள் நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூறுகளைப் பிரித்தாயிற்று, பத்தின் இடத்தில் உள்ள 2ஐ நான்கு பேருக்குப் பத்துகளாகக் கொடுக்க முடியாது, கொடுக்க முடியவில்லை என்பதை எழுதி வைக்க வேண்டும், அந்த எழுத்துதான் 0. பிறகு 24ஐப் பிரித்தால் 6. விடை 206. வகுக்கும் முறையை அவள் முன்பே அறிந்திருந்தாள். பூச்சியம் எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது. அன்று முதல் எந்தக் கணக்கையும் செய்வதற்கு முன் விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும் என்பது விதியாயிற்று.

பின்னத்திலும் அப்படியே. 1/2ஐயும் 1/3ஐயும் கூட்டி 2/5 என்று எழுதினாள். மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டுவது பிள்ளைகளுக்கு இயல்பாக வருவது. "கையில் பாதிப் பரோட்டா இருக்கிறது. மேலும் ஒரு துண்டு கொடுத்தேன். இப்போது உன்னிடம் பாதியைவிடக் குறைவாக இருக்கிறதா?" என்று கேட்டார். ஐந்தில் இரண்டு என்பது பாதிக்கும் குறைவு என்பதைத் தாளை மடித்துக் காட்டினார். ஆறு சமப் பங்காக மடித்தால் பாதி என்பது மூன்று பங்கு, மூன்றில் ஒன்று என்பது இரண்டு பங்கு, சேர்த்தால் 5/6. தாள் மடிப்புகளை எங்கள் மகள் கிதாபுக்குள் வைத்து மத்ரஸாவுக்கும் கொண்டுபோனாள். அங்கேதான் நாங்கள் எதிர்பாராத இரண்டாம் ஆசிரியர் கிடைத்தார்.

மத்ரஸா ஹஜ்ரத் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு இது எங்கள் பாடமாயிற்றே என்றாராம். ஆலிம் படிப்பில் ஃபராயிள் எனப்படும் வாரிசுரிமைப் பாகப்பிரிவினை முக்கியமான பாடம். திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயத்தில் 11, 12ஆம் வசனங்களில் வரும் பங்குகள் 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6 என்னும் பின்னங்களே. ஹஜ்ரத் ஒரு கணக்குக் கொடுத்தார். ஒருவர் மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்களை விட்டு இறந்துபோனார். கடனும் மரண சாசனமும் தீர்ந்தபின் உள்ள சொத்து 3,20,000 ரூபாய். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு 1/8. மீதம் 7/8. மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்பதால் அந்த மீதத்தை நான்காக்க வேண்டும். ஏழை நான்கால் சரியாக வகுக்க முடியாது. ஆகவே எட்டை நான்கால் பெருக்கி 32 பங்குகளாக வைத்துக்கொள்கிறார்கள். மனைவிக்கு 4, மகனுக்கு 14, மகள்களுக்கு ஆளுக்கு 7. கூட்டினால் 32. ஒரு பங்கு 10,000 ரூபாய். மகனுக்கு ஏன் இரட்டிப்பு என்று எங்கள் மகள் கேட்டாளாம். மனைவி மக்களுக்குச் செலவு செய்யும் கடமை அவன்மீது இருப்பதை ஹஜ்ரத் விளக்கியிருக்கிறார். அவள் விடவில்லை: "எனக்கு வர வேண்டிய ஏழு பங்கைக் காக்கா கொடுக்காவிட்டால்?" அதற்காகத்தான் கணக்குப் படி என்றாராம் ஹஜ்ரத்.

அவர் விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, எங்களுக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. சொத்து சிறிதாயினும் பெரிதாயினும் அதில் பெண்களுக்கும் பங்கு உண்டு என்று அந்நிஸாவின் 7ஆம் வசனம் விதித்திருக்கிறது. நம் குடும்பங்களில் எத்தனை பெண்கள் தங்கள் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார்கள்? சீர் செய்தோமே, நகை போட்டோமே என்ற பேச்சில் பங்கு கரைந்துபோகிறது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். பெண் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடப் பெரிய பதில் எங்களிடம் இல்லை.

ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலீஃபா மஃமூனின் காலத்தில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, இயற்கணிதத்துக்குப் பெயர் தந்த தம் 'அல்ஜப்ர்' நூலை எதற்காக எழுதினார் என்பதும் இதோடு சேர்ந்தது. வாரிசுரிமை, மரண சாசனம், பாகப்பிரிவினை, வழக்கு, வணிகம் ஆகியவற்றில் மக்களுக்குத் தேவைப்படும் கணக்கை எளிதாக்குவதே நோக்கம் என்று முன்னுரையில் குறிப்பிட்டிருக்கிறார். நூலின் கணிசமான பகுதி மரண சாசனக் கணக்குகள்தான். அல்காரிதம் என்ற சொல் அவர் பெயரிலிருந்து வந்தது என்பதோடு நம் பெருமைப் பேச்சு முடிந்துவிடுகிறது. அதற்கும் இரு நூற்றாண்டுகள் முன்னர், உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் வந்த ஒரு வழக்கை ஹஜ்ரத் சொன்னார்: இறந்த பெண்ணுக்குக் கணவரும் இரண்டு சகோதரிகளும். கணவருக்கு 1/2, சகோதரிகளுக்கு 2/3. கூட்டிப் பார்த்தால் 7/6, முழுச் சொத்தையும் தாண்டிவிடுகிறது. நபித்தோழர்களைக் கலந்தாலோசித்து, ஆறு பங்குகளை ஏழாக்கி, எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறைத்துக் கொடுத்தார்கள். அவ்ல் என்று இதற்குப் பெயர். கணக்கு இடித்தபோது பெரியவர்களும் கூடி உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பது எங்கள் மகளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அந்தக் கதையை எமனேசுவரத்துக்கு எடுத்துப்போய்த் தன் ஆசிரியைக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவர் அதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாராம்.

கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. முதலில் அவர் வாங்க மறுத்தார். தெருப் பிள்ளைகளுக்குச் சும்மாதானே சொல்கிறேன் என்றார். உழைத்தவரின் கூலியைத் தாமதமின்றிக் கொடுத்துவிட வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த ஒழுங்கு. நாங்கள் அதைச் சொல்லியே கொடுத்தோம். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் உறையில் வைத்துப் பிள்ளையின் கையாலேயே கொடுக்கச் செய்தோம். கணக்குச் சொல்லித் தருவது கூலி பெறத்தக்க உயர்ந்த வேலை என்று அவள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதும் எங்கள் எண்ணம்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இது போதும் என்று சொல்லமாட்டோம். எங்கள் உறவில் ஒரு பையன் இருக்கிறான். மாதக்கணக்கில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தும் ஐந்து பெரிதா எட்டு பெரிதா என்பதில் நிற்கிறான், கடிகாரம் பார்க்க வரவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கணிதக் கற்றல் குறைபாடு இருக்கக்கூடும். அது சோம்பலோ மந்தபுத்தியோ அன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. சான்று பெற்றால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுவதே பிள்ளைக்குச் செய்யும் நீதி. தாயத்துக் கட்டுவதில் இரண்டு ஆண்டுகளைக் கழித்தவர்களையும் பார்த்திருக்கிறோம்.

காலாண்டில் எங்கள் மகள் பெற்றது 31. அரையாண்டில் 48. ஊரார் கேட்டால் சொல்லிக்கொள்ளும்படியான எண்கள் அல்ல. ஆனால் அரையாண்டுத் தேர்வன்று வயிறு வலிக்கவில்லை. 2025 மார்ச்சில் ரமளான் வந்தது. கடையின் ஜகாத் கணக்கை ஆண்டுதோறும் நாங்கள் இருவரும் இரவுத் தொழுகைக்குப் பின் உட்கார்ந்து போடுவது வழக்கம்: சரக்கின் மதிப்பு, கைவசப் பணம், வர வேண்டிய கடன் ஆகியவற்றைக் கூட்டி, கொடுக்க வேண்டியதைக் கழித்து, நிஸாபுக்கு 595 கிராம் வெள்ளியின் விலையை ஒப்பிட்டு, நாற்பதில் ஒன்று. இம்முறை நோட்டை அவளிடம் கொடுத்தோம். மொத்தம் 3,22,400 வந்தது. "எட்டாயிரம் சொச்சம் வரும் அத்தா" என்று முதலில் வாயால் சொன்னாள். பிறகு பத்தால் வகுத்து 32,240 ஆக்கினாள். அதை நான்கால் வகுத்தாள். 8,060 என்று எழுதினாள். எட்டுக்கும் ஆறுக்கும் நடுவில் இருந்த பூச்சியத்தை நாங்கள் இருவருமே பார்த்தோம், ஒன்றும் பேசவில்லை. யார் யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதையும் அவளே பிரித்தாள். அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது எட்டாம் வகுப்பு. இயற்கணிதம் இன்னும் பயமுறுத்துகிறது. குறை எண்களைக் கழிப்பதில் பாதி நேரம் தவறுகிறாள். எமனேசுவரத்துத் திண்ணையில் இப்போது நான்கு பிள்ளைகள். இருவர் எங்கள் தெரு, இருவர் அவர்கள் தெரு. ஆனால் அந்த ஆசிரியை பி.எட். படிக்க மதுரைக்குப் போகப்போகிறார். போக வேண்டியவர்தான், அவரைப் போன்றவர்கள் பள்ளிக்குள் இருக்க வேண்டும். நாங்கள் மீண்டும் தேட வேண்டியிருக்கிறது.

இம்முறை வெளியே தேடும் முன் எங்கள் தெருவிலேயே எண்ணிப் பார்த்தோம். கணிதத்தில் பட்டம் பெற்ற மருமகள்கள் மூன்று பேர் இருக்கின்றனர். இருவர் இளையான்குடி டாக்டர் ஜாகிர் உசேன் கல்லூரியில் படித்தவர்கள்; ஒருவர் முதுகலை. திருமணத்துக்குப் பின் சான்றிதழ்கள் பீரோவில். கேட்க யாரும் வரவில்லை என்பதைத் தவிர அவர்கள் சொல்லித் தராததற்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. ஒருவரின் மாமியார், சமையல் முடிந்து 11 மணிக்கு மேல் என்றால் சரி என்றார். பள்ளி நாளில் அது உதவாது, சனி ஞாயிறுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் கைக்குழந்தையோடு இருக்கிறார். எங்கள் வீட்டில் நன்னி குழந்தையைப் பார்த்துக்கொள்வார், அந்த ஒரு மணி நேரம் அவர் பாடம் சொல்வார் என்று பேசியிருக்கிறோம். மத்ரஸாவின் மேல்மாடி அறையைக் காலையில் பெண் பிள்ளைகளுக்காகத் திறந்துவிடுமாறு ஜமாஅத்துக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். மின்விசிறி ஒன்று பழுதாக இருக்கிறது, ஒரு கரும்பலகையும் வேண்டும். அடுத்த ஜும்ஆவுக்குப் பின் பேசுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.